எறும்பு மொய்க்காத நான்கு பாட்டில்கள்

எனக்குக் கோபம் வந்தால் பசிக்கும். வலையபட்டியில் அந்த வீட்டுக்குள் நுழைந்து பத்து நிமிஷம் ஆகவில்லை, நாலு பரோட்டாவும் ஒரு தட்டு சுக்காவும் தின்கிற அளவுக்குப் பசி.

காரணம் வயிரவன், வீட்டுக்காரர். லண்டனில் ஒரு வங்கியில் பதினெட்டு வருஷம் இருந்துவிட்டு 2020 தொடக்கத்தில் சென்னைக்குக் குடிவந்தவர். முற்றத்தைச் சுற்றிய வளவில் ஒரு தேக்குத் தூணோரம் நாற்காலி போட்டு, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். எதிரே அழகியக்கா நின்றிருந்தார். இருபத்திரண்டு வருஷமாக அந்த வீட்டைக் கூட்டித் துடைத்துப் பூட்டித் திறந்து, பின்கட்டில் குடும்பத்தோடு காவலுக்கு இருக்கிறவர். அவரை உட்காரச் சொல்ல வயிரவனுக்குத் தோன்றவில்லை. என்னை உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை.

"இதுல கையெழுத்துப் போட்டுட்டு நாலு மணிக்குள்ள கிளம்பச் சொல்லுங்க மேடம். போலீஸ் கீலீஸ்னு நான் போக மாட்டேன். என்னால முடிஞ்ச பெருந்தன்மை அவ்வளவுதான்," என்று ஒரு தாளை நீட்டினார்.

'மேடம்' என்றது என் முதலாளி தீபலட்சுமியை. இன்சூரன்ஸ் கம்பெனியில் சர்வேயராக இருந்து, பொய்க்கணக்குக்குக் கையெழுத்துப் போட மறுத்து வெளியே வந்து, காரைக்குடியில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் துப்பறியும் அலுவலகம் நடத்துகிறவர். எனக்கு அக்கா முறை மாதிரி. நான் அஸ்பாக், இளையான்குடிக்காரன். கார் ஓட்டுவது, படம் எடுப்பது, வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்வது என் பொறுப்பு.

தீபாக்கா தாளைப் படித்தார். 'என் சொந்த விருப்பத்தின் பேரில் வேலையை விட்டு விலகுகிறேன்' என்று டைப் அடித்திருந்தது. திருட்டைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை.

"திருடுனதா சொல்றீக. ஆனா சொந்த விருப்பத்துல போறதா எழுதி வாங்குறீக," என்றார்.

"அவ பேரு கெட வேண்டாம்னுதான்."

"அவுக பேரு கெட்டு நாலு நாளாச்சு சார்," என்றேன் நான். தீபாக்கா என்னைப் பார்த்தார். நான் முற்றத்துத் தூண்களை எண்ணத் தொடங்கினேன். எண்ண வேண்டிய வேலையே இல்லை. ஒவ்வொரு தூணின் அடியிலும் சாக்பீஸில் நம்பர் போட்டிருந்தது. ஒன்றிலிருந்து பதினாறு வரை.

"இது என்ன சார், தூணுக்கெல்லாம் ரோல் நம்பர்?"

"பெயின்டர் போட்டது," என்றார் வயிரவன், என் பக்கம் திரும்பாமல்.

விஷயம் இதுதான். வயிரவனுக்குத் தேனம்மை என்று ஒரு தங்கை, கோயம்புத்தூரில். வீடு இரண்டு பேர் பேரிலும் இருக்கிறது. ஐந்து வருஷத்துக்கு முன் தேனம்மையின் மகளுக்குக் காது குத்தினார்கள். தாய்மாமன் மடியில் குழந்தை. சபையில் எல்லாரும் மாமன் சீரை எதிர்பார்த்திருக்க, வயிரவன் தங்கத்தோடு, ஆணி அடித்து மூடிய ஒரு மரப்பெட்டியையும் எடுத்து வைத்தார். உள்ளே பன்னிரண்டு பாட்டில் போர்ட் ஒயின் என்றார். போர்ச்சுக்கல் நாட்டுச் சரக்கு, இனிப்பு, கெட்டி. குழந்தை பிறந்த 2017-ஆம் வருஷத்துத் திராட்சையில் செய்தது. பெண்ணின் கல்யாணத்தன்றைக்குத் திறக்க வேண்டும், அதுவரை இருபது இருபத்தைந்து வருஷம் இருட்டில் படுத்துக் கிடக்க வேண்டும் என்று சபையில் சொன்னார். ஊர் வாயைப் பிளந்தது. பெட்டி இந்த வீட்டின் இரண்டாம் கட்டில், இரும்புக் கதவு போட்ட அறைக்குள் போனது. சாவி இரண்டு. ஒன்று வயிரவனிடம், ஒன்று அழகியக்காவிடம்.

போன சனிக்கிழமை வயிரவன் வந்து பெட்டியைத் திறந்தாராம். எட்டுப் பாட்டில்தான் இருந்ததாம். தேடிப் பார்த்தால் அழகியக்கா வீட்டுக்குப் பின்னால் விறகுக்கு அடியில் நாலு காலிப் பாட்டில். அழகியக்காவின் வீட்டுக்காரர் வேல்பாண்டி எப்போதாவது குடிக்கிறவர். முடிந்தது கதை. பொழுது சாய்வதற்குள் வயிரவன் பத்துப் பேருக்குப் போன் போட்டு 'அழகி திருடி' என்று சொல்லிவிட்டார். அந்தப் பத்துப் பேரில் ஒருவர் அமராவதிபுதூர் வீரணன். அழகியக்கா மகள் சத்தியப்பிரியாவை அவர் மகனுக்குப் பேசி முடித்திருந்தது. வருகிற வெள்ளிக்கிழமை பூ வைக்க வருவதாக இருந்தவர்கள், சனிக்கிழமையிலிருந்து போனை எடுக்கவில்லை. இன்றைக்குப் புதன்.

"அண்ணன் சொல்லுறத நம்பவும் முடியல, அழகியச் சந்தேகப்படவும் முடியல. நாலு மணிக்குள்ள எனக்கு உண்மை தெரியணும்," என்று காலையில் தேனம்மை ஆச்சி போன் போட்டதால் நாங்கள் வந்தோம். மணி அப்போது பன்னிரண்டரை.

"அழகியக்கா, பாட்டில் கிடந்த இடத்தக் காட்டுங்க," என்று தீபாக்கா எழுந்தார்.

பின்கட்டில் ஒரு புளியமரம், அதன் கீழ் வேல்பாண்டி. நாலு நாளாகச் சவரம் செய்யாத முகம். எங்களைப் பார்த்ததும் எழுந்தார்.

"நான் குடிக்கிறவன்தாம்மா. இல்லைங்கல. ஆனா இம்புட்டு வெலை கூடின சரக்க நாலு பாட்டில் குடிச்சவனுக்கு, அது எப்படி இருந்துச்சுன்னாவது தெரிய வேணாமா? எனக்குத் தெரியலையே," என்றார். சிரிப்புக்காகச் சொல்லவில்லை. ஆத்திரத்தில் சொன்னார்.

விறகு அடுக்கியிருந்த இடத்தில் தீபாக்கா குத்துக்காலிட்டு உட்கார்ந்து மண்ணைப் பார்த்தார். "அக்கா, கொஞ்சம் கருப்பட்டி இருக்கா?"

அழகியக்கா ஒரு சில்லு கொண்டுவந்தார். தீபாக்கா அதைப் பாட்டில் கிடந்த இடத்தில் வைத்துவிட்டு வாட்சைப் பார்த்தார். முதல் எறும்பு வர ஒன்றரை நிமிஷம். நாலாவது நிமிஷம் கருப்பட்டி தெரியவில்லை, எறும்புதான் தெரிந்தது.

"இங்குட்டு எதையும் வைக்க முடியாதும்மா. தேங்காச் சில்லு வெச்சாக்கூட தூக்கிட்டுப் போயிரும்," என்றார் அழகியக்கா.

"அஸ்பாக், போர்ட் ஒயின் எவ்வளவு இனிப்பு?"

இந்தக் கேள்விக்கு என்னை ஏன் கேட்கிறார் என்றால், நான் துபாயில் ஒரு ஹோட்டலில் ஆறு வருஷம் ஸ்டோர் கீப்பர். ஒயின் அறை என் பொறுப்பில் இருந்தது. தூக்கியிருக்கிறேன், துடைத்திருக்கிறேன், அடுக்கியிருக்கிறேன். நாக்கில் ஒரு சொட்டுப் பட்டதில்லை.

"சர்பத் மாதிரிக்கா. காலிப் பாட்டில ராத்திரி மறந்து வெச்சா, காலையில உள்ள நூறு எறும்பு செத்துக் கிடக்கும். கழுத்து குறுகல், போனது திரும்ப வராது."

காலிப் பாட்டில்கள் நான்கையும் வயிரவன் ஒரு தட்டில் வைத்துத் துணி போட்டு மூடியிருந்தார், என்னவோ கோயில் பிரசாதம் மாதிரி. ஒவ்வொன்றாக வெயிலில் பிடித்துப் பார்த்தோம். செத்த எறும்பு ஒன்றுகூட இல்லை. பிசுக்கு இல்லை. வாசனை இல்லை.

"கழுவி வெச்சிருப்பா," என்றார் பின்னாலேயே வந்த வயிரவன்.

"திருடி, குடிச்சு, பாட்டிலச் சுத்தமாக் கழுவி, தூக்கிப் போடாமத் தன் வீட்டு விறகுக்குள்ளயே பத்திரமா வெச்சிருப்பாக," என்றேன். "நல்ல பழக்கம் சார்."

"உன் வேலையைப் பாரு."

என் வேலையைப் பார்த்தேன். நான்கு பாட்டிலிலும் கழுத்துக்குச் சற்றுக் கீழே, உள்பக்கமாக, வெள்ளையாக ஒரு வளையம். நகம் எட்டாது. விரல் விட்டுத் தேய்க்கவும் முடியாது. ஒன்றில், வளையத்துக்குக் கீழே தலைமுடி கனத்தில் பழுப்பாக ஏதோ ஒட்டிக் காய்ந்திருந்தது. இதே வளையத்தை நான் எங்கள் வீட்டில் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். உம்மா சமையல்கட்டு ஜன்னலில் ஜாம் பாட்டில் வரிசையாக வைத்திருப்பார். நான் தீபாக்காவின் காதில் இரண்டு வார்த்தை சொன்னேன். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் குரல் இறங்கியது. என் முதலாளிக்குக் கோபம் ஏறினால் குரல் இறங்கும்.

"சார், நான் ஒரு போன் பேசிட்டு வாரேன்," என்று புளியமரத்துக்கு அங்குட்டுப் போனார். எனக்குக் காதில் விழுந்தது இவ்வளவுதான்: "ஆச்சி, உங்க அண்ணன் சென்னை வீட்டுல எடுத்த பழைய போட்டோ எதாச்சும் இருந்தா எல்லாத்தையும் அனுப்புங்க. ஆளுக முக்கியமில்ல. ஜன்னல் தெரியணும்."

அடுத்து இரும்புக் கதவு போட்ட அறை. வெளியே வெயில் மண்டையைப் பிளக்க, உள்ளே ஜில்லென்று இருந்தது. அந்தக் காலத்துச் சுண்ணாம்புச் சுவர், இரண்டு முழக் கனம், ஜன்னல் கிடையாது. துபாயில் மெஷின் போட்டுக் கொண்டுவந்த குளுமை இங்கே சும்மா கிடைத்தது. தரையில் மரப்பெட்டி. பக்கத்தில் புத்தம்புது அட்டைப்பெட்டி ஒன்று, உள்ளே ஸ்பாஞ்சுத் தடுப்போடு. தீபாக்கா அதைக் காலால் லேசாக நகர்த்திப் பார்த்தார்.

மரப்பெட்டியில் பன்னிரண்டு குழி. எட்டில் பாட்டில் படுத்திருந்தது. நாலு காலி. ஒவ்வொரு பாட்டிலிலும் மேல்பக்கமாக வெள்ளைப் பெயின்டில் ஒரு தீற்றல்.

"இது என்ன சுண்ணாம்பு?" என்றார் தீபாக்கா.

"அது ஒயின் கம்பெனிக்காரன் வெக்கிறதுக்கா. இந்தப் பக்கம் மேல இருக்கணும்னு அடையாளம். இந்த ஒயின்ல வருஷம் போகப் போக மண்டி இறங்கும். ஒரே பக்கமாப் படுத்திருந்தா, அடிப்பக்கம் ஒட்டிக் கெட்டியாயிரும். ஆட்டுனா உடைஞ்சு கலங்கிரும். நம்ம ரசத்துல தெளிவு எடுக்கிற மாதிரி, ஆட்டாம மேலாப்புலதான் ஊத்தணும்."

"டார்ச்சு அடி."

அடித்தேன். பெட்டியை விட்டு எடுக்காமல் அடியில் வெளிச்சம் விட்டுப் பார்த்தோம். எட்டுப் பாட்டிலிலும் தீற்றலுக்கு நேர் எதிரே, வயிற்றுப் பக்கம், கறுப்பாக ஒரு படலம். ஒன்றில்கூட உடையவில்லை, சரியவில்லை. ஐந்து வருஷமாக ஒரு கை அந்தப் பெட்டியை ஆட்டவில்லை.

"தூசி தட்டக்கூட நான் தொட மாட்டேம்மா," என்றார் அழகியக்கா வாசலில் நின்று. "பாப்பா சீரு. படுத்திருக்கிறத எழுப்பக் கூடாதுன்னு ஐயாதான் சொன்னாக. வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை கதவத் தொறந்து சாம்பிராணி காட்டிட்டுப் பூட்டிருவேன்."

"காலிப் பாட்டில்ல அந்தக் கறுப்புப் படலம் இருந்துச்சா அஸ்பாக்?"

"ஒரு பொட்டு இல்லைக்கா."

"கழுவுனாப் போகுமா?"

"வெள்ளை வளையமே போகலை. இது எப்படிப் போகும்?"

தீபாக்கா காலிக் குழிகளுக்குள் கையை விட்டார். குழிகளின் அடியில் வைக்கோல் பரப்பியிருந்தது. ஒரு காலிக் குழியின் வைக்கோலை அமுக்கினார், விட்டார். அது எழும்பியது. பிறகு என்னைப் பக்கத்துப் பாட்டிலை ஒரு விரற்கடை மட்டும் தூக்கச் சொல்லி, அதன் கீழ் விரலை விட்டார். அங்கே வைக்கோல் பாய் மாதிரி தட்டையாக இருந்தது. நாலு காலிக் குழியையும் பார்த்தார். நாலிலும் புதுசு மாதிரி புசுபுசுவென்று வைக்கோல்.

"தூங்காத மெத்தை," என்றேன்.

"வாயை மூடிட்டு வா," என்றார். இந்தத் தடவை குரல் கிட்டத்தட்ட இல்லவே இல்லை.

மணி இரண்டேகால். வளவில் வயிரவன் அதே நாற்காலியில். அவர் முன்னால் அந்தத் தாளும் பேனாவும். அழகியக்காவும் வேல்பாண்டியும் ஒரு ஓரமாக நின்றார்கள். சத்தியப்பிரியா பாதி நாள் லீவு சொல்லிவிட்டு மருந்துக்கடையிலிருந்து வந்திருந்தாள். கடைக் கோட்டுகூடக் கழற்றவில்லை. அழுதிருப்பாள் என்று நினைத்தேன். இல்லை. நேராக வயிரவனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

தீபாக்கா அவர் எதிரே உட்கார்ந்தார். "சார், எனக்கு இதுல ஒண்ணும் தெரியாது. இந்தப் போர்ட்ட எப்பக் குடிக்கணும்?"

வயிரவனுக்கு முகம் மலர்ந்தது. யாராவது இதைக் கேட்க மாட்டார்களா என்று ஐந்து வருஷமாக ஏங்கியிருப்பார் போல.

"ரெண்டே காலம்தான் மேடம். பாட்டில்ல அடைச்ச புதுசுல, ரெண்டு மூணு வருஷத்துக்குள்ள குடிக்கலாம். அப்பப் பழம் அப்படியே வாயை நிறைக்கும். அதை விட்டா இருபது வருஷம் தொடக் கூடாது. நடுவுல தூங்கிரும். மணம் அடங்கிரும், துவர்ப்புதான் தெரியும். இப்ப இது தூங்குற நேரம். விவரம் தெரிஞ்ச எவனும் இப்பத் திறக்க மாட்டான். அதனாலதான் அடிச்சுச் சொல்றேன், இது வேலைக்காரங்க கை."

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. எனக்கே ஒரு நிமிஷம் சந்தேகம் வந்தது.

"நீங்க எத்தனை பெட்டி வாங்குனீக?"

"ஒண்ணே ஒண்ணு. கடையில ஆளுக்கு ஒரு பெட்டிதான் குடுத்தான். பன்னண்டையும் ஒரு சொட்டு தொடாம மருமகளுக்குக் கொண்டு வந்தேன்."

"பெரிய மனசு சார். இந்த 2017 புதுசுல எப்படி இருந்துச்சாம்?"

"அதை ஏன் கேக்கறீங்க. நாவல்பழச் சாறு மாதிரி கறுப்பு. முடிவுல லேசா மிளகுக் காரம். திறந்த அன்னைக்கு விட மறுநாள் இன்னும் நல்லா இருந்துச்சு. மூணாம் நாள்தான் இறங்குச்சு."

தான் சொன்னது வயிரவனின் காதிலேயே அப்போதுதான் விழுந்தது.

"லண்டன்ல ஒரு நண்பர் வீட்டுல ருசி பார்த்தது," என்றார்.

"மூணு நாளும் நண்பர் வீட்டுலயே தங்கியிருந்தீகளா சார்?" என்றேன்.

"நீ யாருடா என்னைக் கேக்க?"

"அவன் கேக்க வேணாம். நான் சொல்லுறேன்," என்றார் தீபாக்கா. "இந்த நாலு பாட்டிலும் இங்க குடிச்சதில்ல. குடிச்சிருந்தா எறும்பு விட்டிருக்காது. இப்பக் குடிச்சதும் இல்ல. எட்டு வருஷத்து ஒயின்னா உள்ள மண்டி ஒட்டியிருக்கும், அந்த எட்டுலயும் ஒட்டியிருக்கு. இந்த நாலுல இல்ல. மண்டி இறங்குறதுக்கு முன்னாலயே, நீங்க சொன்ன மாதிரி, புதுசுல குடிச்சது. அதுக்கப்புறம் இதுல வேற ஒண்ணு ரொம்ப நாள் இருந்திருக்கு. தண்ணி. மெட்ராஸ் உப்புத்தண்ணி. அந்த வளையம் அதுதான்."

"தண்ணி பிடிச்சு வெச்சிருப்பாளுங்க."

"வெறும் தண்ணில வேர் முளைக்காது சார். ஒரு பாட்டில்ல காஞ்ச வேர் ஒட்டியிருக்கு." தன் போனை அவர் முன்னால் வைத்தார். தேனம்மை ஆச்சி அனுப்பிய போட்டோ. 2020-இல் வயிரவனின் சென்னை வீட்டுப் பால்காய்ச்சு. அண்ணன், அண்ணி, தங்கை, பலகாரத் தட்டு. பின்னால் ஜன்னல். ஜன்னலில் வரிசையாக நாலு கறுப்புப் பாட்டில், ஒவ்வொன்றிலும் வெள்ளைத் தீற்றல், ஒவ்வொன்றிலிருந்தும் தலைநீட்டும் மணி பிளான்ட்.

வெளிநாட்டுப் பாட்டில் என்றால் நம் வீட்டுப் பெண்களுக்குத் தூக்கிப்போட மனசு வராது. வயிரவனின் மனைவியும் போடவில்லை. வயிரவனோ செடியைப் பிடுங்கி, கழுவி, துடைத்து எடுத்து வந்தார். பாட்டிலுக்கு உள்ளே எட்டிப் பார்க்க அவருக்குத் தோன்றவே இல்லை. ஜன்னல் செடிக்கு ஒரு நாளாவது தண்ணீர் ஊற்றியிருந்தால் தெரிந்திருக்கும்.

"அப்ப பாப்பா சீருல இருந்த அந்த நாலு?" என்றார் அழகியக்கா. வளவுக்கு வந்த பிறகு அவர் பேசியது அப்போதுதான். "அத யாரு எடுத்தா?"

"யாரும் எடுக்கலக்கா. அந்த நாலு குழியிலயும் வைக்கோல் அமுங்கவே இல்ல. இந்த அஞ்சு வருஷத்துல பாட்டில் ஒரு நாளும் அங்க படுக்கல. ஆணி அடிச்ச பெட்டிக்குள்ள எட்டுதான் வந்துச்சு. இங்க திருட்டே நடக்கல." தீபாக்கா வயிரவனைப் பார்த்தார். "இருபத்தஞ்சு வருஷம் பொறுக்கணும்னு சபையில சொன்ன மனுசனுக்கு, இருபத்தஞ்சு நாள் பொறுக்க முடியல. லண்டன்லயே நாலத் திறந்துட்டீக. மிச்சத்த மூடி ஆணி அடிச்சுப் பன்னண்டுன்னு சொன்னீக."

தீபாக்காவின் போன் ஸ்பீக்கரில் இருந்தது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. "அண்ணே," என்றது தேனம்மை ஆச்சியின் குரல். "எம் பொண்ண மடியில உக்கார வெச்சுக்கிட்டுப் பொய் சொன்னீகளா?"

வயிரவன் நெற்றியைத் துடைத்தார். "நாலு பாட்டில்தானே தேனு. என் காசுல வாங்குனது. வேற நாலு வாங்கி வெச்சிடறேன். இதைப் போய்…"

"நாலு பாட்டில் இல்ல விசயம்," என்றார் தீபாக்கா. "அஞ்சு வருஷம் கழிச்சு அந்தப் பொய்ய இப்ப ஏன் எடுத்தீக? ஆச்சி, இங்க தூணுக்கெல்லாம் நம்பர் போட்டிருக்கு. பெயின்ட் அடிக்கிறவன் தூண எண்ணுவான், நம்பர் போட மாட்டான். கழட்டி வேற இடத்துல அதே வரிசையில நிறுத்துறவன்தான் போடுவான். வீட்ட விக்க உங்க கையெழுத்து வேணும். பதினாறு பர்மாத் தேக்குத் தூண லாரியில ஏத்தக் கையெழுத்து வேண்டியதில்ல. அழகியக்கா இங்க இல்லாம இருந்தாப் போதும். இருந்தா லாரி வந்த நிமிசமே உங்களுக்குப் போன் வந்திரும்."

"அவள அனுப்பச் சொல்லி அண்ணன் மூணு தடவ கேட்டாக. நான் மாட்டேன்னுட்டேன்," என்றார் ஆச்சி மெதுவாக.

"பாப்பா சீர இவுக திருடிட்டாகன்னு சொன்னாத்தான் நீங்க விடுவீகன்னு தெரிஞ்சுக்கிட்டார். பெட்டி அறையில புது அட்டைப்பெட்டி வேற இருக்கு. மிச்சம் எட்டையும் மெட்ராஸுக்குக் கொண்டு போக. இருபது வருஷம் அந்த ஒயின் படுத்திருக்க இந்த வீடு நிக்காதுன்னு இவருக்கு மட்டும்தான் தெரியும்."

வயிரவன் மறுக்கவில்லை. "பூட்டிக் கிடக்கிற வீடு. கரையான் தின்னுட்டுப் போறதுக்கு நான் வித்தா என்ன? உனக்கும் பாதி தர்றதாத்தான் இருந்தேன்," என்று போனைப் பார்த்துச் சொன்னார். அழகியக்கா பக்கம் திரும்பவே இல்லை. நாலு நாளாக ஒரு குடும்பத்தைச் சோறு தண்ணி இல்லாமல் சாகடித்தது அவருக்கு ஒரு விஷயமாகவே தெரியவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஒரு தட்டு சுக்கா பத்தாது, கடையையே தின்றிருப்பேன்.

"சாவிய அழகிகிட்ட குடுத்துட்டுக் கிளம்புங்கண்ணே. மிச்சத்த வக்கீல் பேசுவாக," என்றார் ஆச்சி. "அழகி, நானும் ஒரு ராத்திரி உன்னச் சந்தேகப்பட்டேன். மன்னிச்சுக்க."

அழகியக்கா சாவியை வாங்கி இடுப்பில் செருகினார். வயிரவன் எழுந்தார். அழகியக்கா வழிவிடவில்லை.

"பத்துப் பேருக்குப் போன் போட்டீகல்லய்யா. அதே பத்துப் பேருக்கும் இப்ப என் கண்ணு முன்னாடி போடுங்க. மொத அமராவதிபுதூருக்கு."

"நம்பர் எங்கிட்ட…"

"அன்னைக்கு எங்க எடுத்தீகளோ அங்கயே எடுங்க."

வயிரவன் தீபாக்காவைப் பார்த்தார். தீபாக்கா அந்தத் தாளை நாலாக மடித்துத் தன் பைக்குள் வைத்தார். "பொய்க் குற்றம் சாட்டி எழுதி வாங்கப் பாத்ததுக்கு இது ஒண்ணு போதும் சார். அழகியக்கா புகார் குடுத்தா நான் சாட்சி. குடுக்கிறதும் குடுக்காததும் அவுக இஷ்டம்."

வயிரவன் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். மணி அடித்தது. இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்கள். நாலு நாளாக அழகியக்கா போட்ட போனை எடுக்காத அதே ஆள்.

"வீரணன், நான் வலையபட்டி வயிரவன். சனிக்கிழமை ஒண்ணு சொன்னேன்ல. அது சரியில்ல. அழகி எதையும் எடுக்கல."

"யாரு வெச்சதுன்னும் சொல்லுங்க," என்றார் தீபாக்கா.

வயிரவன் போனை வாய்க்குக் கிட்டே கொண்டுபோனார். "அந்தப் பாட்டில நான்தான் குடிச்சேன். அங்க கொண்டு வந்து வெச்சதும் நான்தான்."

வீரணன் சிரித்தார். "அட, இம்புட்டுதானா. எனக்கு அப்பவே மனசுக்குள்ள ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சுங்கய்யா. சரி, அப்ப வெள்ளிக்கிழமை வாரோம்னு அழகிகிட்டச் சொல்லிருங்க. பூ, பழம் எல்லாம் நாங்களே வாங்கிட்டு வந்துருவோம்."

வேல்பாண்டி மூச்சு விட்டார். நானும்தான். அப்போது சத்தியப்பிரியா நடந்து வந்து, வயிரவன் கையிலிருந்த போனை வாங்கினாள்.

"மாமா, நான் சத்தியப்பிரியா பேசுறேன். சனிக்கிழமை ஒருத்தர் போன்ல சொன்னாரு, நம்புனீக. இப்ப அவரே வேற சொல்றாரு, அதையும் நம்புறீக. நடுவுல நாலு நாளு எங்கம்மா உங்களுக்குப் போன் போட்டுக்கிட்டே இருந்துச்சு. ஒரு தடவ எடுத்து, 'என்ன அழகி, இப்படிச் சொல்றாக, உள்ளதா'ன்னு கேட்டிருக்கலாம். உங்க மகன்கிட்டயும் நம்பர் இருக்கு. அவுகளும் கேக்கல. நீங்க வெள்ளிக்கிழமை வர வேண்டாம் மாமா."

"ஏத்தா, அது…"

அவள் போனை அணைத்து வயிரவனிடம் நீட்டினாள். கண் நிறைந்துவிட்டது. அதைத் துடைக்கவும் இல்லை.

அழகியக்கா மகளையே பார்த்தார். கத்தப் போகிறார், கைக்கு வந்த கல்யாணத்தைக் கெடுத்துவிட்டாயே என்று தலையில் அடித்துக்கொள்ளப் போகிறார் என்றுதான் நான் நினைத்தேன். அவர் கிட்டே போய், மகளின் கோட்டுக் காலர் மடங்கியிருந்ததைச் சரியாக எடுத்துவிட்டார். பிறகு வயிரவன் பக்கம் திரும்பினார்.

"இன்னும் ஒம்பது பேரு இருக்காக. அடுத்த ஆளுக்குப் போடுங்கய்யா," என்றார்.